மழுங்கிய மூக்கும் மறுநுழைவு வெப்பமும்: ஆலன்–எக்கர்ஸ் அறிக்கை பற்றி ஒரு விவாதம்

வடகாற்று எழுதியது:

நாக்காவின் 1381-ஆம் அறிக்கையை அண்மையில் முழுதாகப் படித்தேன். எழுதியவர்கள் ஹாரி ஜூலியன் ஆலன், ஆல்ஃப்ரெட் எக்கர்ஸ். நாசா பிறப்பதற்கு முன் அமெரிக்காவில் வானூர்தி ஆராய்ச்சியைக் கவனித்த அமைப்புதான் நாக்கா. இவர்கள் இருவரும் கலிஃபோர்னியாவில் மொஃபெட் ஃபீல்டில் இருந்த அதன் ஏம்ஸ் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்கள். அறிக்கையில் 1958 என்று இருந்தாலும் உள்ளே இருக்கும் வேலை 1953-லேயே ரகசிய ஆவணமாகச் சுற்றுக்கு விடப்பட்டது. பொதுவில் வந்தது 1957-ல்.

விண்கலம் திரும்பி வரும்போது சூடாவது உராய்வாலா, காற்று அமுங்குவதாலா என்ற வாக்குவாதம் இங்கே அடிக்கடி கிளம்புகிறது. அதற்கு விடை இந்த அறிக்கையில் இருக்கிறது என்பது என் கருத்து. அதோடு, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காற்றியக்கவியலில் நடந்த வேலைகளில் இதைவிட அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை. கணினி இல்லை. பெரிய சோதனை இல்லை. நியூட்டன் விதியும் ஒரு ஆற்றல் கணக்கும் மட்டும்.

பிரச்சினையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1951-ல் அமெரிக்க விமானப்படை அட்லஸ் ஏவுகணைக்கான ஆய்வை கான்வேர் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையின் முனை வளிமண்டலத்துக்குள் வரும்போது அதன் வேகம் நொடிக்கு சுமார் 7 கி.மீ. அந்த வேகத்தில் ஒவ்வொரு கிலோவிடமும் 24.5 மெகாஜூல் இயக்க ஆற்றல் இருக்கிறது. ஒரு கிலோ செம்பை அறை வெப்பநிலையிலிருந்து சூடாக்கி முழுவதும் உருக்கச் சுமார் 0.65 மெகாஜூல் போதும். அதாவது கைவசம் இருக்கும் ஆற்றல் தன்னைப் போல் கிட்டத்தட்ட 40 மடங்கு எடையுள்ள செம்பை உருக்கவல்லது!

அதற்கு முன்னால் பறந்த பெரிய ஏவுகணை ஜெர்மனியின் வி-2. அதன் வேகம் நொடிக்கு 1.6 கி.மீ. சுற்றளவில்தான், கிலோவுக்கு 1.3 மெகாஜூல்கூட வராது. கூர்மூக்கும் எஃகுத் தோலும் அதற்குப் போதுமாக இருந்தன. ஒலியை மிஞ்சிப் பறக்கும் விமானங்களின் பாடமும் அதுவே: கூராக்கு, இழுவை குறையும். அந்தப் பழக்கத்தில் அட்லஸின் ஆரம்ப வரைபடங்களிலும் முனை ஊசி மாதிரி நீண்டிருந்தது.

ஆலன் இதைத் தலைகீழாகப் பார்த்தார். இழுவை குறைய வேண்டும் என்று யார் சொன்னது? குண்டு எப்படியும் வேகம் இழக்கத்தான் போகிறது. இழக்கும் ஆற்றலில் எவ்வளவு உலோகத்துக்குள் போகிறது, எவ்வளவு காற்றோடு போய்விடுகிறது என்பது மட்டுமே கேள்வி. அதற்கு அவர்களுக்குக் கிடைத்த விடை ஒரே வரி: உள்ளே போகும் பங்கு, உராய்வு இழுவைக்கும் மொத்த இழுவைக்கும் உள்ள விகிதத்தில் பாதி.

ஆகவே மொத்த இழுவையைக் கூட்டு. மூக்கை மழுக்கு.

---

பரவளையம் எழுதியது:

வணக்கம் அண்ணா. நான் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு. உராய்வு என்பது தவறான கருத்து, காற்று அமுங்குவதால்தான் வெப்பம் என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். நீங்கள் சொல்லும் வரியிலோ உராய்வு இழுவை நேரடியாக மேலே வந்து நிற்கிறது. குழப்பமாக இருக்கிறது. அந்தப் 'பாதி' எங்கிருந்து வருகிறது என்பதையும் யாராவது விளக்க முடியுமா?

---

கொதிகலன் எழுதியது:

தம்பி, நான் பல வருஷம் அனல்மின் நிலையத்தில் வெப்ப மாற்றக் கணக்குப் போட்டவன். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

மழுங்கிய மூக்கின் முன்னால் அதிர்ச்சி அலை உடலை ஒட்டாமல் சற்றுத் தள்ளி வில் போல வளைந்து நிற்கும். அதைத் தாண்டும் காற்று சட்டென்று அமுங்கிக் கடுமையாகச் சூடாகிறது. இதுவரைக்கும் அமுக்கக் கட்சி சொல்வது முழுக்கச் சரி. ஆனால் அங்கே சூடானது காற்று. உலோகம் இன்னும் சூடாகவில்லை. அந்தக் காற்றின் பெரும்பகுதி மூக்கைத் தொடாமலேயே பக்கவாட்டில் வழிந்து பின்னால் போய்விடுகிறது.

வெப்பம் உலோகத்துக்குள் நுழைய ஒரே ஒரு வாசல்தான் உண்டு. அது எல்லைப் படலம். பரப்பை ஒட்டி, வேகம் பூஜ்யத்திலிருந்து வெளி வேகம் வரை ஏறும் மெல்லிய அடுக்கு. உந்தத்தை எது பரப்புக்குக் கடத்துகிறதோ அதுவே வெப்பத்தையும் கடத்துகிறது. மூலக்கூறுகளின் மோதல் அல்லது கொந்தளிப்பின் சுழல்கள். இரண்டையும் சுமப்பது ஒரே வண்டி என்பதால் உராய்வு தெரிந்தால் வெப்ப மாற்றமும் தெரியும். ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1874-ல் சொன்ன ஒப்புமை இது. கொதிகலன் குழாயில் நாங்கள் தினமும் பயன்படுத்தியது. வெப்ப மாற்றத்துக்கான ஸ்டான்டன் எண், உராய்வின் அளவைக் காட்டும் எண்ணான உராய்வுக் கெழுவில் பாதி.

இப்போது கணக்கு. ஒரு நொடியில் உடலுக்குள் போகும் வெப்பம் என்பது ஸ்டான்டன் எண், காற்றடர்த்தி, வேகம், நனையும் பரப்பு, வேக வர்க்கத்தில் பாதி ஆகியவற்றின் பெருக்கல். ஸ்டான்டன் எண்ணுக்குப் பதில் உராய்வுக் கெழுவில் பாதியைப் போட்டால் கால் பங்கு, அடர்த்தி, வேகத்தின் மூன்றாம் அடுக்கு, உராய்வுக் கெழு, பரப்பு என்று வரும். ஒரு நொடியில் குண்டு இழக்கும் இயக்க ஆற்றல்? அரைப் பங்கு, அடர்த்தி, வேகத்தின் மூன்றாம் அடுக்கு, இழுவைக் கெழு, குறுக்கு வெட்டுப் பரப்பு. முதலாவதை இரண்டாவதால் வகுத்துப் பார். அடர்த்தி போயிற்று, வேகமும் போயிற்று. மிஞ்சுவது உருவம் மட்டும். உன் 'பாதி' அங்கே நிற்கிறது.

எல்லா உயரத்திலும் எல்லா வேகத்திலும் இந்த விகிதம் ஏறத்தாழ மாறாமல் இருப்பதால்தான் முழுப் பயணத்துக்கும் ஒரே வரியில் விடை சொல்ல முடிந்தது.

---

வடகாற்று எழுதியது:

கொதிகலன் சார் சொன்னதற்கு மேல் எண்களை மட்டும் போடுகிறேன். மெலிந்த நீண்ட கூம்பில் மொத்த இழுவையில் பாதி உராய்வால் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போகும் பங்கு கால்வாசி. அதாவது கிலோவுக்கு 6 மெகாஜூல். தன்னைப் போல் கிட்டத்தட்டப் பத்து மடங்கு செம்பை உருக்கும் அளவு. எந்த உலோகமும் பிழைக்காது.

அரைக்கோள மூக்கில் அதிர்ச்சி அலையால் வரும் அழுத்த இழுவை ஏராளம், உராய்வு அதற்கு முன்னால் அற்பம். உள்ளே போகும் பங்கு ஒரு சதவீதத்துக்குப் பக்கத்திலோ அதற்கும் கீழேயோ இறங்கிவிடும். மீதி 99 பங்கும் பின்னால் விட்டுவந்த சூடான காற்றுத் தடத்தில் கிடக்கும்.

எனவே பரவளையம், 'அமுக்கமா, உராய்வா' என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. அமுக்கம் காற்றைச் சூடாக்குகிறது, எல்லைப் படலம் அதில் ஒரு சிறு பங்கை உள்ளே கொண்டுவருகிறது. காற்றை அதிகமாகச் சூடாக்கும் உருவத்துக்குள் குறைவாக வெப்பம் போகிறது. முதல் தடவை கேட்கும் யாரும் நம்ப மறுப்பது இந்த இடத்தில்தான்.

---

பழைய_வாத்தியார் எழுதியது:

அறிக்கையில் வெப்பத்துக்கு முன்பே ஒரு பகுதி இருக்கிறது. அதை யாரும் தொடவில்லை. வேகக் குறைப்பு பற்றியது. இயற்பியல் மாணவர்கள் எல்லோரும் ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு என்பேன்.

காற்றின் அடர்த்தி உயரத்தோடு அடுக்குக்குறி முறையில் குறைகிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். சுமார் 6.7 கி.மீ. ஏறினால் அடர்த்தி 2.718-ல் ஒரு பங்காகும். புவியீர்ப்பை விட்டுவிடலாம், ஏனென்றால் இழுவை அதைவிடப் பல மடங்கு பெரிது. பாதையை நேர்கோடு என்று வைத்துக்கொள்ளலாம். இவ்வளவுதான் அனுமானம். பிறகு தொகையிட்டால் உச்ச வேகக் குறைப்புக்கு ஒரு சூத்திரம் வரும். நுழைவு வேகத்தின் வர்க்கத்தை நுழைவுக் கோணத்தின் சைனால் பெருக்கி, 2.718-இன் இரு மடங்காலும் அந்த 6.7 கி.மீ. உயரத்தாலும் வகுக்க வேண்டும்.

எடை எங்கே? விட்டம் எங்கே? இழுவைக் கெழு எங்கே? ஒன்றும் இல்லை! நொடிக்கு 7 கி.மீ. வேகத்தில் 30 பாகைக் கோணத்தில் நுழைந்தால் உச்ச வேகக் குறைப்பு புவியீர்ப்பைப் போல் சுமார் 69 மடங்கு. ஊசியானாலும் உருண்டையானாலும் அதேதான். அந்த உச்சம் வரும்போது வேகம் நுழைவு வேகத்தில் 61 சதவீதம். இதுவும் எல்லா உருவத்துக்கும் பொது.

---

பரவளையம் எழுதியது:

ஐயா, இது எப்படிச் சாத்தியம்? இழுவை அதிகம் என்றால் வேகமாக நிற்க வேண்டாமா?

---

பழைய_வாத்தியார் எழுதியது:

நிற்கும் இடம்தான் மாறும். இழுவை அதிகமான உருவம் மிக உயரத்தில், மெல்லிய காற்றிலேயே தன் உச்சத்தைக் கண்டுவிடும். மெலிந்த கனமான உருவம் கீழே அடர்ந்த காற்று வரை வேகத்தோடு வந்து, அங்கே அதே உச்சத்தைக் காணும். கெழுவும் அடர்த்தியும் ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடுகின்றன. ஒரே ஒரு நிபந்தனை: தரையைத் தொடுவதற்கு முன் அந்த உச்சம் வந்துவிடும் அளவுக்கு உடல் லேசாக இருக்க வேண்டும். மிகக் கனமானது என்றால் உச்சம் வருவதற்குள் தரை வந்துவிடும்.

வெப்பத்தின் உச்சம் இதற்கு முன்பே வந்துபோய்விடும் என்பதையும் சேர்த்துக்கொள். மூக்கின் நடுப்புள்ளியில் வெப்பப் பாய்வு அடர்த்தியின் வர்க்கமூலத்தையும் வேகத்தின் மூன்றாம் அடுக்கையும் பொறுத்தது. வேகம் 85 சதவீதமாக இருக்கும்போதே அது உச்சம் தொடும். முதலில் சூடு, பிறகு உலுக்கல்.

---

மணல்மேடு எழுதியது:

நல்ல இழை. ஆனால் ஆலன் தனியாக உட்கார்ந்து ஒரு மாலையில் உலகை மாற்றிவிட்டார் என்ற தொனியை நான் ஏற்கமாட்டேன்.

முதலாவது, அந்த ஒற்றை வரி உட்கார்ந்திருப்பது உராய்வுக் கெழுவின் மேல். மீயொலி வேகத்தில் பரப்பு உராய்வு எவ்வளவு என்பதே அப்போது திடமாகத் தெரியாது. எல்லைப் படலத்தின் வேகச் சரிவை அளந்து அதிலிருந்து ஊகித்துக்கொண்டிருந்தார்கள். நேரடியாக அளந்தவர்களில் முக்கியமானவர் நம் சதீஷ் தவான். கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகமான கால்டெக்கில் ஹான்ஸ் லீப்மனிடம் ஆய்வு செய்து 1951-ல் முனைவர் பட்டம் பெற்றார். பரப்பில் ஒரு சிறு துண்டை மட்டும் தனியே வெட்டி, மிதக்கவிட்டு, காற்று அதை இழுக்கும் நுண்ணிய விசையை அப்படியே அளந்தார். ஒலியைவிடக் குறைந்த வேகத்திலும் செய்தார், கூடிய வேகத்திலும் செய்தார். அதை வெளியிட்டதும் நாக்காதான், 1121-ஆம் அறிக்கையாக. அப்புறம்தான் பெங்களூருக்குத் திரும்பி இந்திய அறிவியல் கழகமும் இஸ்ரோவும். இந்த மாதிரி வேலைகள் ஒவ்வொன்றாக அடுக்கப்பட்டிருந்ததால்தான் ஆலனால் காகிதத்தில் கணக்குப் போட முடிந்தது.

இரண்டாவது, சோதனை இல்லாமல் யாரும் நம்பவில்லை. ஏம்ஸில் 1949-லேயே ஆலனின் யோசனையில் ஒரு விசித்திரமான காற்றுச் சுரங்கம் கட்டியிருந்தார்கள். காற்று ஒரு பக்கத்திலிருந்து மீயொலி வேகத்தில் வரும். எதிர்ப் பக்கத்திலிருந்து துப்பாக்கியால் மாதிரியைச் சுடுவார்கள். இரண்டு வேகமும் கூடும். போகும் வழியில் நிழற்படம் எடுத்துவிடுவார்கள். மழுங்கிய மூக்கின் முன்னால் வில் அலை நிற்கும் அந்தப் புகழ்பெற்ற படங்கள் இந்த வகைச் சோதனைகளில் வந்தவை. வர்ஜீனியாவின் வாலப்ஸ் தீவிலிருந்து நாக்காவின் லாங்லி ஆய்வக ஆட்கள் ராக்கெட்டில் மாதிரிகளை ஏவிக்கொண்டிருந்தார்கள். லாக்ஹீட் நிறுவனத்தின் எக்ஸ்-17 மறுநுழைவுக்கென்றே செய்த ராக்கெட்.

---

வடகாற்று எழுதியது:

மணல்மேடு, தவான் பற்றிச் சொன்னது மிகச் சரி, அதற்கு நன்றி. லீப்மனின் ஆய்வகம் இல்லாமல் அந்தக் காலத்து எல்லைப் படல ஆராய்ச்சியைப் பற்றிப் பேசவே முடியாது.

ஆனால் ஒரு இடத்தில் நான் உங்களோடு நிற்கமாட்டேன். அதே உராய்வுக் கெழுக்கள் எல்லோரிடமும் இருந்தன. அதே ரெனால்ட்ஸ் ஒப்புமை பாடப்புத்தகத்தில் இருந்தது. இருந்தும் ஊசிமூக்கையே எல்லோரும் வரைந்துகொண்டிருந்தார்கள். இழுவையைக் குறைப்பதே ஒரு காற்றியக்கவியலாளரின் கடமை என்று அரை நூற்றாண்டாகப் பழகிய கூட்டத்தில் 'இழுவையைக் கூட்டு' என்று சொல்ல ஒருவருக்கு மனம் வர வேண்டும். தரவு அதைத் தராது. அந்தப் பெருமையை ஆலனிடமிருந்து எடுக்கக்கூடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கூர்முனை என்பதே அந்த வேகத்தில் நிலைக்காது. முனையின் வெப்பப் பாய்வு முனை ஆரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம். ஆரம் நான்கில் ஒன்றானால் பாய்வு இரட்டிப்பாகும். ஊசியைத் தீயில் காட்டினால் நுனிதான் முதலில் சிவக்கிறது, இல்லையா? உருகி உருகித் தானாகவே மழுங்கும், அதுவும் தாறுமாறாக.

---

பரவளையம் எழுதியது:

ஒரு சந்தேகம். காற்றுச் சுரங்கத்திலேயே மாக் 20 வரை (ஒலியைப் போல் 20 மடங்கு வேகம்) ஓட்டி வெப்பத்தை அளந்திருக்கலாமே? ஏன் துப்பாக்கியும் ராக்கெட்டும்?

---

எல்லைப்படலம் எழுதியது:

இதற்கு நான் பதில் சொல்கிறேன், இது என் துறை.

சுரங்கத்தில் காற்றை விரியவிட்டுத்தான் வேகம் ஏற்றுகிறோம். விரிந்தால் குளிரும். 300 கெல்வினில் இருக்கும் காற்றை மாக் 5 வரை விரியவிட்டால் 50 கெல்வினுக்கு இறங்கிவிடும். அதற்கு மேல் போனால் காற்றே திரவமாகத் தொடங்கும். அதனால் முன்கூட்டியே சூடாக்க வேண்டும். ஆனால் உண்மையான மறுநுழைவின் மொத்த ஆற்றலைத் தர வேண்டுமென்றால் எந்தச் சூடேற்றியும் தாங்காது. மாக் எண் சரியாக வரும், வெப்பநிலை வராது. அழுத்தம், இழுவை எல்லாம் அளக்கலாம். வெப்பத்துக்கு வேறு வழி தேட வேண்டும்.

இங்கே இயற்பியலும் மாறுகிறது. நொடிக்கு 7 கி.மீ. ஓட்டத்தை நிறுத்தினால் சாதாரண சூத்திரப்படி 24,000 கெல்வின் வர வேண்டும். உண்மையில் அதிர்ச்சி அலைக்குப் பின்னால் ஆறேழாயிரம் கெல்வின்தான். மீதி ஆற்றல் ஆக்சிஜன், நைட்ரஜன் மூலக்கூறுகளைப் பிளப்பதில் செலவாகிறது. பிளந்த அணுக்கள் எல்லைப் படலம் வழியாகக் குளிர்ந்த சுவர்ப் பக்கம் பரவி அங்கே மறுபடி சேர்ந்தால், பிளக்கச் செலவான வெப்பத்தை அங்கேயே திருப்பிக் கொடுக்கும். சேராமல் ஓட்டத்தோடு போய்விட்டால் அந்த வெப்பம் மிச்சம். இது சாதாரண வெப்பக் கடத்தல் இல்லை, வேதியியலும் கலந்தது.

ஆலனும் எக்கர்ஸும் இதற்குள் போகவில்லை. போயிருந்தால் அந்த ஒற்றை வரி கிடைத்திருக்காது. அதற்குப் பின்னால் வந்தவர்கள்தான் இதைத் தீர்த்தார்கள். 1956-ல் கால்டெக்கின் லெஸ்டர் லீஸ் மழுங்கிய மூக்கின் மேல் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று காட்டினார். சீரான ஓட்டமாக இருந்தால் நடுப்புள்ளியில் உச்சம், தோள்பட்டைப் பக்கம் போகப் போகக் குறையும். சோதனைக்கு வழி கண்டவர் ஆர்தர் கான்ட்ரோவிட்ஸ். கார்னெல் பல்கலைக்கழகத்தில் அதிர்ச்சிக் குழாய்களோடு வேலை செய்துகொண்டிருந்தவர், 1955-ல் மாசசூசெட்ஸில் ஆவ்கோ–எவரெட் ஆய்வகத்தை ஆரம்பித்தார். குழாயின் ஒரு முனையில் உயர் அழுத்த வாயு, மறு முனையில் மெல்லிய காற்று, இடையில் ஒரு தகடு. தகடு கிழிந்ததும் பலமான அதிர்ச்சி அலை ஓடும். அதற்குப் பின்னால் வரும் காற்றில் உண்மையான மறுநுழைவின் வெப்பநிலை இருக்கும். ஆனால் மைக்ரோவிநாடிக் கணக்கில் மட்டும். அதற்குள் அளந்துவிட வேண்டும். அந்த ஆய்வகத்தில்தான் ஃபே, ரிடெல் இருவரும் பிளந்த காற்றில் நடுப்புள்ளி வெப்ப மாற்றத்துக்கான கோட்பாட்டை உருவாக்கி 1958-ல் வெளியிட்டார்கள். இன்றும் ஒரு புதிய விண்கலத்துக்கு முதல் மதிப்பீடு போட உட்காரும்போது அந்தச் சூத்திரத்தைத்தான் எடுக்கிறோம்.

---

கொதிகலன் எழுதியது:

பொருள் பற்றியும் பேச வேண்டும். ஒரு சதவீதம் உள்ளே வந்தாலும் அது வெப்பம்தானே, எங்கே வைப்பது?

முதலில் செம்பில் வைத்தார்கள். ஜெனரல் எலெக்ட்ரிக் செய்த மார்க்-2 முனை அப்படிப்பட்டது. தோர், ஆரம்பகால அட்லஸ் ஏவுகணைகளில் போனது. தடித்த செம்பு வெப்பத்தை விழுங்கிக்கொள்ளும், உருகுவதற்குள் பயணம் முடிந்துவிடும். தோராயமாக ஒரு கணக்கு: உள்ளே வருவது அரை சதவீதம், முனையின் எடையில் பாதி செம்பு என்று கொள்வோம். செம்பின் வெப்பநிலை சராசரியாக 640 பாகை ஏறும். உருகுநிலை 1,085. பிழைக்கும். ஆனால் சுமையில் பாதி செம்பு! எந்தப் பொறியாளர் இதை விரும்புவார்?

ஹன்ட்ஸ்வில்லில் தரைப்படையின் ஏவுகணைக் குழு வேறு வழியில் போனது. மேல் அடுக்கு தானே உருகி, கரிந்து, ஆவியாகிப் போகட்டும், போகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகட்டும் என்பது அவர்கள் யோசனை. வெளியேறும் ஆவி எல்லைப் படலத்தைத் தடிக்கவைத்து, உள்ளே வரும் வெப்பத்தையே குறைத்துவிடும். இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1957 ஆகஸ்ட் 8 அன்று ஜூப்பிடர்-சி ராக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு அளவுள்ள முனையை ஏவிக் கடலில் மீட்டார்கள். ஸ்புட்னிக் பறந்தபின், நவம்பர் 7 அன்று, அதிபர் ஐசனோவர் தொலைக்காட்சியில் நாட்டு மக்களிடம் பேசும்போது அந்த முனையைக் காட்டினார்.

சோவியத் பக்கத்திலும் இதே தலைவலி இருந்தது. 1957 ஆகஸ்ட் 21 அன்று ஆர்-7 ஏவுகணை முழுத் தூரம் பறந்தது, ஆனால் முனை இறங்கும் வழியில் சிதறிவிட்டது. முனையை மறுபடி வடிவமைக்கும் இடைவெளியில்தான் அதே ராக்கெட்டில் ஸ்புட்னிக் ஏறியது.

---

மணல்மேடு எழுதியது:

அதைத்தான் சொல்ல வந்தேன். கடைசியில் காப்பாற்றியது எரிந்து கழியும் கவசம். உருவம் பாதி வேலையைத்தான் செய்தது. இன்றைய அணு ஏவுகணை முனைகளைப் பாருங்கள், மறுபடி மெலிந்த கூம்புகள்! மழுங்கிய மூக்கு ஒரு இடைக்காலத் தீர்வு என்று ஏன் சொல்லக்கூடாது?

---

பழைய_வாத்தியார் எழுதியது:

அறிக்கையையே பாருங்கள், அந்த வழக்கும் உள்ளே இருக்கிறது. லேசான உடலுக்கும் கனமான உடலுக்கும் தனித்தனி முடிவு சொல்கிறார்கள். லேசானது தன் ஆற்றல் முழுவதையும் காற்றிலேயே இழக்கும், அதற்கு மழுங்கல் நல்லது. மிகக் கனமானது வேகம் குறையாமலே தரையைத் தொடும். அதற்கு விகிதக் கணக்கு உதவாது. உராய்வு விசையையே நேரடியாகக் குறைக்க வேண்டும், எனவே மெலிந்த உருவம் நல்லது.

போர்முனைகள் கூம்பானதற்குக் காரணம் குறி. மழுங்கிய முனை உயரத்திலேயே வேகம் இழந்து காற்று தள்ளும் பக்கம் போய்விடும். வேகமாகக் கீழே வந்தால் விலகல் குறைவு. அதற்கு விலையாகக் கடும் வெப்பத்தைச் சுமக்க வேண்டும், அதைச் சுமக்க கவசப் பொருள் கிடைத்துவிட்டது. அப்போதும் நுனி சிறிதாவது உருண்டிருக்கும், வடகாற்று சொன்ன வர்க்கமூலக் காரணத்தால்.

மனிதர் வரும் கலத்துக்கு இந்தப் பேச்சே கிடையாது. மென்மையாக, உயரத்தில் நிற்க வேண்டும். 1958 மார்ச்சில் ஏம்ஸில் நடந்த நாக்கா மாநாட்டில் லாங்லியின் மாக்ஸ் ஃபஜேயும் சகாக்களும் இறக்கையில்லாத மழுங்கிய கலத்தை முன்வைத்தார்கள். சுற்றுப்பாதையிலிருந்து மிகச் சாய்வாக நுழைந்தால் வேகக் குறைப்பு புவியீர்ப்பைப் போல் 8 மடங்குக்குப் பக்கம்தான். முன்பு சொன்ன 69-ஐயும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கோணத்தின் சைன் என்ன செய்கிறது என்று புரியும். அதே மாநாட்டில் ஏம்ஸ் ஆய்வாளர்கள் சற்றே தூக்குவிசை தரும் அரைக்கூம்பு உருவத்தை முன்வைத்தார்கள். அமெரிக்காவின் முதல் மனித விண்கலமான மெர்குரி ஃபஜேயின் வழியில் போனது.

---

பரவளையம் எழுதியது:

நம் நாட்டில் இதைச் செய்திருக்கிறார்களா?

---

எல்லைப்படலம் எழுதியது:

செய்திருக்கிறார்கள். 2007 ஜனவரி 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.யில் போன எஸ்.ஆர்.இ.-1, எடை 550 கிலோ. உருண்ட மூக்குள்ள கூம்பு. பன்னிரண்டு நாள் சுற்றிவிட்டு ஜனவரி 22 அன்று வங்கக் கடலில் இறங்கி மீட்கப்பட்டது. மூக்கில் கார்பன்–ஃபினாலிக் கவசம், பக்கங்களில் சிலிக்கா ஓடுகள். 2014 டிசம்பர் 18 அன்று மனிதக் கலத்தின் மாதிரியை எல்.வி.எம்.-3 சோதனை ராக்கெட்டில் ஏவி அந்தமான் பக்கம் கடலில் மீட்டார்கள். அதுவும் மழுங்கிய அடிப்பாகம் முன்னால் வர இறங்கியதுதான்.

ஆனால் 'மழுங்க மழுங்க நல்லது' என்று நிறுத்திவிடாதே. இன்னும் வேகமாகப் போனால் கதை திரும்புகிறது. நிலவிலிருந்து திரும்பும் அப்போலோ நொடிக்கு 11 கி.மீ. வேகத்தில் வந்தது. அதற்கும் மேலே போகப் போக, அதிர்ச்சி அலைக்குப் பின்னால் இருக்கும் காற்று ஒளிரத் தொடங்கி, கதிர்வீச்சாலேயே கவசத்தைச் சுடும். எல்லைப் படலம் இந்தக் கதிர்வீச்சுக்குக் குறுக்கே நிற்காது. மூக்கு பெரிதாக இருந்தால் அந்த ஒளிரும் அடுக்கும் தடிப்பாக இருக்கும், சுடுவதும் கூடும். எல்லைப் படல வெப்பம் ஆரம் கூடக் குறைகிறது, கதிர்வீச்சு வெப்பம் ஆரம் கூடக் கூடுகிறது.

இதைப் பார்த்து, மிக வேகமான நுழைவுக்குக் கூம்பு உருவமே மேல் என்று 1960களின் ஆரம்பத்தில் எழுதியவர்களில் ஒருவர் ஜூலியன் ஆலன். அவரே!

வியாழனில் இறங்கிய கலிலியோ ஆய்வுக்கலத்தின் திட்டத்தை ஏம்ஸ் ஆய்வகமே நடத்தியது. 1995 டிசம்பர் 7 அன்று நொடிக்கு 47 கி.மீ. வேகத்தில் உள்ளே போன அதன் உருவம், நுனி உருண்ட 45 பாகை அரைக்கோணக் கூம்பு. வெப்பக் கவசம் 152 கிலோ, மொத்த எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவு. நுழைந்து முடிப்பதற்குள் அதில் சுமார் 80 கிலோ எரிந்து போயிருந்தது. கவசத்துக்குள்ளேயே பதித்திருந்த உணரிகள் அது கழிவதை அளந்து அனுப்பின. தோள்பட்டைப் பக்கம் கணித்ததைவிட அதிகமாகக் கழிந்திருந்தது, நடுவில் குறைவாக. கொந்தளிப்பான ஓட்டத்தின் வெப்ப மாற்றத்தை அந்த வேகத்தில் கணிப்பதில் இன்னும் எங்கள் ஆட்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பரவளையம், உனக்கு ஆய்வுத் தலைப்பு வேண்டுமென்றால் இங்கே வா.